எலும்பு மாடத்திலிருந்து ஒரு விருந்தாளி

பிற்பகல் மூன்று மணிக்கே மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதித் தெருவில் வெளிச்சம் மங்கிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. லவாலில் இருந்து மெத்ரோ ரயில் பிடித்து வந்த சஜிதா, சிநேகிதி றொஷினியின் பேஸ்மென்ற் வீட்டுக்கு இறங்கும் ஏழு படிகளையும் திட்டிக்கொண்டே இறங்கினாள். ஜெர்மனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிப் பத்து நாள். நான்கு நாளாக றொஷினி வேலைக்கும் போகவில்லை, போனும் எடுக்கவில்லை. இப்படியும் ஒரு பிள்ளையா!

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஈரச் சுண்ணாம்பு மணம்.

அந்த மணம் சஜிதாவுக்குத் தெரியும்.

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் ஒரு பழைய தேவாலயம். மேலே நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி யன்னல்கள், அப்படியொரு அழகு. கீழே எலும்பு மாடம். கூரை முட்ட அடுக்கிய மண்டையோடுகள், இதே ஈரச் சுண்ணாம்பு மணம். சஜிதா சிலுவை போட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். றொஷினிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! புறப்படும்போது வாசலில் திரும்பி நின்று, அந்த மண்டையோடுகளைப் பார்த்து, சொந்தக்காரர் வீட்டில் சொல்வதுபோலச் சொன்னாள்:

"சரி, நாங்கள் போயிட்டு வாறம். மொன்றியல் பக்கம் வந்தா என்ர வீட்டை கட்டாயம் வாங்கோ."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது றொஷினி குசினியில், சாப்பாட்டு மேசையடியில் வெளிறிப்போய் இருந்தாள். மேசையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி. எதிர்க் கதிரையில் யாரும் இல்லை. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

"ஏனடி வந்தனீ?" என்று கிசுகிசுத்தாள். "சத்தம் போடாதை. வந்திருக்கிறார்."

"ஆர்?"

"நான் கூப்பிட்ட ஆள்."

சஜிதா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "வெளிக்கிடு. என்னோட வா."

"மூண்டு தரம் வெளிக்கிட்டனான். கதவடியில ஒவ்வொரு தரமும் பழக்கதோஷத்தில 'போயிட்டு வாறன்' எண்டு வாயில வந்திட்டுது. வாறன் எண்டு சொன்னா, திரும்பி வராம விடமாட்டார், சஜி. பஸ்ஸில ஏறி இருந்தன். பார்த்தா இந்தக் கதிரையிலதான் இருக்கிறன்."

சஜிதா அவளுடைய காதருகே குனிந்தாள். "அப்ப செத்தவீட்டால வாற மாதிரி வா. ஒண்டும் சொல்லாதை. திரும்பிப் பாராதை."

செத்தவீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. வாறன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு அங்கே வரவேண்டி வரும் என்று பயம். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருவரும் மெல்ல நகர்ந்தார்கள்.

எதிர்க் கதிரை கிறீச்சிட்டது.

றொஷினி வாயைக் கையால் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டினாள். படியேறினாள். பனியில் கால் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா! சஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிநேகிதியை மீட்டாயிற்று.

கதவைச் சாத்தத் திரும்பினாள். முப்பத்திரண்டு வயது வரைக்கும் எந்த வீட்டுக் கதவைச் சாத்தினாலும் சொல்லிப் பழகிய வாய்.

"அப்ப போயிட்டு வாறன்."

சொன்ன பிறகுதான் அது அவளுடைய காதில் விழுந்தது.

உள்ளே கோப்பை ஒன்றைப் பீரிசுத் தட்டில் மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது.

றொஷினியையும் இழுத்துக்கொண்டு தெருமுனை வரை சஜிதா ஓடினாள். பஸ் வந்தது. முதலில் ஏறிய றொஷினி, "கெதியா வாடி" என்று கையை நீட்டினாள். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சஜிதா பஸ் படியில் கால் வைத்தாள்.

காலடியில் குசினித் தரை இருந்தது.

ஈரச் சுண்ணாம்பு மணம். மேசையில் புதிதாக ஊற்றிய தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளுக்கென்று ஒரு கதிரை இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

தூரத்தில் பஸ் புறப்படும் சத்தம் கேட்டது.

பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை. விட்டுப் பார்த்தாள்.

அது அவளை விடவில்லை. அந்தக் கையில் சதை இல்லை.