ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரலாம்

நோட்டீஸை அவள் கதவுக்கடியில் பாதிதான் தள்ளியிருந்தாள். மீதியை உள்ளேயிருந்து யாரோ இழுத்துக்கொண்டார்கள்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரம்மா குனிந்தபடியே நின்றுவிட்டாள். பூட்டு துருவேறி, சாவித் துவாரத்தில் சிலந்தி குடித்தனம் நடத்துகிற, அவள் வீட்டுக்கு நேர் மேலே உள்ள மாடி வீடு அது. குத்தகைக்காரர் செத்துப் பல வருஷமாச்சு, வாரிசு என்று ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் பெரிய ரிப்பேர் என்றால் எல்லாக் குத்தகைக்காரர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பூட்டிய வீடானால் கதவுக்கடியில் தள்ள வேண்டும், அதுதான் சங்கத்து விதி. "காத்துதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். அன்றைக்குப் பொட்டுக் காற்று இல்லை.

காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் நோட்டீஸைப் படிக்காமலே கசக்கினார்.

"உங்க வீட்டுக் கூரை விரிஞ்சதுக்கு நாங்க எதுக்கும்மா மாசக்கணக்கா தூசி திங்கணும்?"

"என் கூரைதாங்க மேல் வீட்டுத் தரை. அதை உடைச்சுப் புதுசா போடலேன்னா நாளைக்கு மொத்தக் கட்டடமும் உக்காந்துடும்."

"உக்காரட்டும், போங்க." கதவு முகத்தில் அறைந்தது.

நல்லா இருங்க எல்லாரும் என்று வயிறெரிந்தது அவளுக்கு. இவர்களுக்கென்ன? அந்த விரிசலுக்கு நேர் கீழே கிடப்பது அவள் அம்மா. பக்கவாதத்தில் ஒரு பக்கம் மரத்துப்போன அம்மா. இருப்பதே ஒற்றை அறை, கட்டிலை நகர்த்த வேறு மூலை கிடையாது.

சங்கத்துக்கென்று அலுவலகமும் இல்லை. அதனால் நோட்டீஸின் கடைசி வரியை அவளே சேர்த்திருந்தாள். ஆட்சேபம் உள்ளவர்கள் எந்த நேரமும் கீழே என் வீட்டுக்கு நேரில் வரலாம். ஒரு மரியாதைக்கு எழுதினது. எவன் வரப்போகிறான், படியில் நின்று கத்துவதோடு சரி என்று நினைத்துதான் எழுதினாள்.

சாயங்காலம் அம்மாவுக்கு ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஏதோ நகர்ந்தது. முதலில் ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சரசரப்பு, அது அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், நின்று, யோசித்து, திரும்பி வந்து, கட்டிலுக்கு நேர் மேலே ஓய்ந்தது. ஊறிப்போன சுண்ணாம்பும், பெட்டிக்குள் மக்கிய துணியும் கலந்த வாடை மெல்ல இறங்கிப் பாலிலும் ஏறியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலே சத்தம் இப்போது வாசல் பக்கம் போகும், படியிறங்கும், கதவைத் தட்டும் என்று அவள் காத்திருந்தாள். போகவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து கதவைத் திறந்தாள். படிக்கட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

"யாரோ வந்திருக்காங்கடி" என்றாள் அம்மா, குழறலாக.

"எங்கம்மா? வாசல்ல யாருமே இல்லையே."

அம்மாவின் நல்ல கை மேலே காட்டியது.

விரிசலிலிருந்து வெள்ளையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. நீண்டது. இன்னும் நீண்டது. பொத்தென்று அம்மாவின் மார்பில் விழுந்தது. அவள் தள்ளிய அதே நோட்டீஸ். சொதசொதவென்று ஈரம்.

பின்னாலேயே ஒரு விரல். சாம்பல் நிறம். நகமில்லை. பிறகு இன்னொன்று. பிறகு தட்டையாக நசுங்கிய ஒரு கை, முழங்கையைத் தாண்டியும் கீழே நீண்டுகொண்டே. காட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பற்றியது.

"வேண்டாம்! வேலையை நிறுத்திடறேன்! உடைக்க மாட்டோம்! எங்கம்மாவ விட்டுடு!"

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "இன்னிக்கே உடைக்க ஆரம்பிச்சாச்சா? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" மறுபடி அறைந்து சாத்தினார் தையல்காரர்.

மேலே அது இழுத்தது. அவசரமே இல்லை. நோட்டீஸை இழுத்த அதே நிதானம். அம்மாவின் முதுகு மெத்தையை விட்டு எழும்பியது, பிறகு கால்கள். கை மணிக்கட்டு வரைக்கும் கூரைக்குள் போய்விட்டது.

விரிசல் ஒரு விரல் அகலம்தான்.