மாரிசெல்வி சொல்லிவிட்டாள்

"கை மரத்துப் போச்சா? பேச்சு குழறுச்சா? கண்ணு திடீர்னு இருட்டுச்சா?" டாக்டர் சுகுணா அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்றார் செண்பகராஜ்.

பக்கத்தில் நின்ற மகள் மாரிசெல்வி சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பொய் சொல்கிறார்!

முந்தாநாள் சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அப்பாவின் வலது கையிலிருந்து பேனா நழுவியது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. பேச வந்தார், வார்த்தை கொழகொழத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

"ஏட்டி, யார்ட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டாவ" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

அப்பா புதூர் மினிபஸ் டிரைவர். ரத்தக்கொதிப்புக்காரர். அம்மாதான் விரட்டி, கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த இந்த இலவச ஸ்கேன் முகாமுக்கு இருவரையும் அனுப்பியிருந்தாள்.

டாக்டர் அப்பாவின் கழுத்தில் பசை தடவி, சோப்புக்கட்டி போன்ற கருவியை வைத்து அழுத்தினார். திரையில் ரத்தக்குழாய் கறுப்பாகத் தெரிந்தது. 'உஷ்... உஷ்...' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, உள்ள குக்கர் வச்சிருக்கீயளா?" என்று அப்பா சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. இடப்பக்கக் கழுத்தில் கருவியை நிறுத்தினார்.

"இங்க கொழுப்பு படிஞ்சு குழாய் குறுகியிருக்கு. தொந்தரவு எதுவும் இல்லேங்கிறீங்க. மாத்திரை தர்றேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

அப்பா துள்ளி எழுந்தார். "வாட்டி, ரெண்டு மணி வண்டிய எடுக்கணும்."

ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மறுபடி நின்றுபோனால்? மாரிசெல்வி நகரவில்லை.

"டாக்டர், முந்தாநாளு அப்பாவுக்கு வலது கை வரல. பேச்சும் குழறுச்சு."

"ஏட்டி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கண் கலங்கியது. "என்னைய வையிங்கப்பா, பரவாயில்ல. ஒங்கள நம்பி எத்தன பேரு வண்டில ஏறுதாவ!"

டாக்டர் எழுந்தேவிட்டார். "வலது கையையும் பேச்சையும் நடத்துற மூளைக்கு இந்த இடது குழாய்தான் ரத்தம் கொண்டுபோகுது. அன்னைக்கு வந்தது எச்சரிக்கை. அடுத்தது பக்கவாதமா வரலாம். இப்பவே திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆம்புலன்ஸில் அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, பயமா? அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கழுத்தில் குழாயைத் திறந்து அடைப்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பாவின் பேச்சைச் சோதிக்க, நர்ஸ் மாரிசெல்வியைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"இது யாரு? பேரு சொல்லுங்க."

அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மாரிசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மாரிசெல்வி" என்றார் அப்பா, பிசிறில்லாமல். "எம் மவ. சொன்ன பேச்சக் கேக்கவே மாட்டா."

சொல்லிவிட்டு அவள் கையை இறுக்கிப் பிடித்தவர், கஞ்சி வரும்வரை விடவே இல்லை.