எட்டுத் தட ஒலிப்பாலம்

கோமதி தோசையை மென்றுகொண்டே கணவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவளும் திரவியமும் வழக்கம்போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முகத்திரையைப் பாதி தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயில் தோசை, வசவில் குறையில்லை, அறையில் ஒரு பொட்டுச் சத்தமில்லை. செவ்வாய்க் கிரகத்தில் மூன்றாம் கவிகை என்ற கூண்டுநகரில் எல்லாக் குடும்பச் சண்டையும் இப்படித்தான் நடக்கும்.

எல்லார் காதுக்குப் பின்னாலும் எலும்பில் ஒரு செவிச்சில்லு பதிந்திருக்கிறது. சொல்ல நினைப்பதைத் தொண்டைத் தசையின் துடிப்பிலேயே பிடித்து, எதிராளியின் செவிநரம்பில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்றில் வரும் சத்தம் எதுவும் அதற்கு இரைச்சல்தான். கவிகையைத் தாங்கும் எந்திரங்கள் ஓயாமல் உறுமுவதால், அபாயச் சங்கையும் கைக்குழந்தை அழுகையையும் தவிர மற்ற எல்லாவற்றையும் சில்லு காதுவாசலிலேயே அழித்துவிடும்.

முதலில் வந்து குடியேறியவர்களுக்குக் காற்று அளவுப்படிதான் கிடைத்தது. வாய்விட்டுப் பேசினால் மூச்சு வீண், ஈரம் வீண் என்று தடை போட்டார்கள். காற்று தாராளமாகி முப்பது வருடமாயிற்று. தடையை எடுத்தாயிற்று. வெட்கத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ‘வாயைத் திற’ என்பது இன்றைக்கும் அங்கே நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத பேச்சு. பல் வைத்தியர்கள்கூட ‘மேல்வாசலைக் காட்டுங்க’ என்றுதான் சொல்வார்கள்.

கோமதியின் கோபத்துக்குக் காரணம் அவள் மாமனார். ஆறுமுகநயினாருக்கு எண்பத்திரண்டு வயது. சில்லு பதிந்த எலும்பில் புண் வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. சில்லைப் பிடுங்கி எறிந்ததில் வலக்காது அடியோடு போயிற்று. இடக்காது மட்டும், பூமியில் பிறக்கும்போதே கூட வந்தது, பாக்கியிருந்தது. நாற்பது நாள் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

சில்லு இல்லாத மனிதரோடு எழுதுபலகையில்தான் பேச முடியும். முதல் நாள் திரவியம் மருத்துவமனைக்குப் போனபோது கிழவர் ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினார்.

“போறதுக்கு முன்ன ஒன் குரல ஒருக்கா கேக்கணும்ல.”

திரவியம் கண் கலங்கிவிட்டான். “கேக்கலாம்ப்பா. நான் ஏற்பாடு பண்ணுதேன்” என்று கீழே எழுதினான். கிழவர் அதை இரண்டு முறை படித்தார். எதற்கு ஏற்பாடு என்று அவருக்கு விளங்கவில்லை போலும். மகனின் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

மூன்றாம் கவிகையில் குரல் என்றால் ஒரு கோப்பு. பத்து வயதில் ஒவ்வொரு பிள்ளையும் பட்டியலைப் பார்த்துத் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும். அதற்குப்பின் சில்லு அந்தக் குரலில்தான் அவன் பேச்சை ஊருக்குக் கொண்டுசெல்லும். திரவியத்தின் குரல் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண், கனத்தது, லேசான கரகரப்பு உள்ளது. அதைச் சில்லில்லாத காதுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் காற்றைத் தட்டி அலை எழுப்பும் பழைய கருவி வேண்டும். அதற்குக் காற்றுப்பேசி என்று பெயர். கட்டில் பக்கத்து மேசையில் வைக்கிற அளவில் இரண்டு காற்றுப்பேசிகளைத் தன் கையாலேயே செய்துவிடுவது என்று அவன் முடிவு பண்ணினான்.

பெட்டிகள் ஐந்து நாளில் முடிந்துவிட்டன. திரவியம் காற்றுக்குழாய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன், கைவேலைக்காரன். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே தாழ் ஒலிக்கு ஒரு பெரிய கூம்பு, மேலே கூர் ஒலிக்கு ஒரு சின்னக் கூம்பு. கூம்புக்கு ஒன்றாக, அலையை வலுவாக்கும் நான்கு பெருக்கிகளும் உள்ளேயே இருந்தன. இனிக் கணினியில் குரலைத் தாழ், கூர் என்று பிரித்து, நான்கு தடங்களாக நான்கு பெருக்கிகளுக்கும் அனுப்ப வேண்டியதுதான். அதற்கு நடுவில் எண்களை அலையாக மாற்றித் தரும் ஒரு பெட்டி வேண்டும். அதுதான் பல்தட ஒலிப்பாலம். அங்கே பிடித்தது சனி.

ஒலிப்பாலங்களின் பழைய வரைபடங்கள் ஆவணச்சாலையில் முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. எண்ணைச் சொன்னால் வார்ப்புக்கூடத்தில் ஐந்து நாளில் செய்து கொடுத்துவிடுவார்கள். எண்ணைச் சொல்ல வேண்டுமே! திரவியம் பழம்பொறி மன்றத்தில் சேர்ந்தான். ஐந்தாம் கவிகையிலிருந்து பாக்கியநாதன் என்றொருவர் வந்து வழிகாட்டினார். மன்றத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

“நாலு தடம் போதும்ல அண்ணாச்சி?” என்று கேட்டான் திரவியம்.

“போதும்னு சொல்லலாம். நாளைக்கே அடித்தாழ் ஒலிக்குத் தனியா ஒரு பெட்டி வைக்கத் தோணுச்சுன்னா என்ன செய்வீங்க? ஆறு எடுங்க. ஆறு எடுக்கதுக்கு எட்டே எடுத்துரலாம்.”

“எட்டுலயே நாப்பது வகை இருக்கே.”

“இருக்கும். எல்லாத் தடத்துச் சத்தத்தையும் ஒண்ணா ஏத்தி இறக்க வெளியில ஒரே திருகு இருக்கான்னு பாருங்க. அது இல்லாம நிரல் எக்குத்தப்பா நின்னுச்சுன்னா, முழுச் சத்தமும் பாஞ்சு சின்னக் கூம்பு கருகிரும். பக்கத்துல உக்காந்து கேக்கதுனால அடி இரைச்சல் இருக்கவே கூடாது. அளந்து பாக்க ஒலிவாங்கி சொருக இடம் வேணும். எல்லாத்துக்கும் மேல தாமதம். உள்ள போற ஒலி வெளிய வர எத்தன மில்லி விநாடி ஆகுதுன்னு பாக்கணும். அதுதான் உயிர்நாடி.”

திரவியம் அட்டவணை போட்டான். ஒரு பாலத்தில் திருகு இருந்தது, இரைச்சலும் இருந்தது. இன்னொன்றில் இரைச்சல் இல்லை. திருகு முதல் இரண்டு தடங்களுக்கு மட்டும்தான் வேலை செய்தது. மூன்றாவது எல்லா வகையிலும் தேறியது. ஆனால் தாமதம் ஆறு மில்லி விநாடி. பதினோராம் நாள் அட்டவணையில் அறுபது வரிசை. இருபதாம் நாள் நூற்று நாற்பது.

இதற்காகத்தான் இருபத்திரண்டாம் நாள் காலை கோமதி தோசையும் வாயுமாகக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழம்பொருள் கூடத்தில் வேலை.

“எங்க கூடத்துல ரெண்டு தடப் பெட்டி ஒண்ணு சும்மா தூசி அடஞ்சு கெடக்குன்னு மூணாம் நாளே சொன்னேன். கேட்டீங்களா? இன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்துருவேன்.”

“ரெண்டு தடத்த வச்சு ரெண்டு பேசிய எப்படி ஓட்ட? ஒரு பேசிக்கே ரெண்டு தடம் வேணும்.”

“அப்ப ஒரு பேசிய வைங்க. மாமாவுக்கு ஒரு காதுதான கேக்கும்? ரெண்டு எதுக்கு?”

திரவியம் கொஞ்சம் தடுமாறித்தான் போனான். ஆனால் மன்றத்தில் பதினேழு நாள் இருந்தவனுக்குப் பதில் கிடைக்காமல் போகுமா?

“ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் நடுவுல ஆள் நிக்க மாரி இருக்கும். அப்பாவுக்குக் கடைசியா செய்யுதது. ஏனோதானோன்னு செய்யச் சொல்லுதியா?”

“நேத்து அவரப் போய்ப் பாத்தீங்களா?”

அவன் தட்டைக் கழுவ எழுந்துவிட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம்: அப்பா சாகப்போகிறார் என்பது அவனுக்குத் தாங்கவில்லை. அந்த அறையில் பலகையும் கையுமாக உட்காருவதைவிட அட்டவணையின் முன்னால் உட்காருவது சுலபமாக இருந்தது. அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் எண் இருந்தது. அப்பாவுக்காகத்தானே செய்கிறோம் என்ற நிம்மதியும் இருந்தது.

முப்பத்துநான்காம் நாள் ஒருவழியாக முடிவெடுத்தான். எட்டுத் தடம், ஒரே திருகு, ஒலிவாங்கிக்கு இடம், தாமதம் இரண்டு மில்லி விநாடி. வார்ப்புக்கூடத்துக்கு எண்ணை அனுப்பிவிட்டுப் பாக்கியநாதனுக்கு நன்றி சொன்னான்.

“நீங்க எத வச்சிருக்கீங்க அண்ணாச்சி? கேக்கவே மறந்துட்டேன்.”

“நான் இன்னும் ஒண்ணும் வாங்கல தம்பி. ஆறு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

முப்பத்தாறாம் நாள் மாலை, நல்ல சேதியோடு அப்பாவைப் பார்க்கப் போனான். பலகையில் காற்றுப்பேசியின் படம் வரைந்து, “இன்னும் மூணே நாள்ப்பா. சுத்தமா கேக்கும்” என்று எழுதி நீட்டினான். ஆறுமுகநயினார் படத்தைப் பார்த்தார். எழுதுகோலை எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. பிறகு முகத்திரையை விலக்கினார். உதடுகள் அசைந்தன. வாய் திறந்து மூடித் திறந்தது.

திரவியம் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெற்ற அப்பாவை அந்தக் கோலத்தில் பார்ப்பதா? பக்கத்துக் கட்டில்காரர் கண்ணில் படாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டான். தாகமாக இருக்கும் என்று நினைத்து நீர்க்குழலை அவர் வாயில் வைத்தான். கிழவர் குழலை நாக்கால் தள்ளினார். மறுபடி வைத்தான். இம்முறை அவர் குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் இறந்துபோனார். முப்பத்தொன்பதாம் நாள், சொன்ன சொல் தவறாமல், வார்ப்புக்கூடத்திலிருந்து ஒலிப்பாலம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் மருத்துவமனைச் செவிலி ரூத், அப்பாவின் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்திரை இரண்டு, எழுதுபலகை, அறையின் ஒலிப்பதிவு.

“ஒலிப்பதிவா? அது எதுக்கு?” என்றான் திரவியம்.

“சுவர்ல ஓட்டை விழுந்து காத்து கசியுதான்னு கேக்க ஒவ்வொரு ரூம்லயும் ஒரு காவல்கருவி இருக்கும்ல? அது எல்லாச் சத்தத்தையும் எழுதி வைக்கும். இறந்துட்டா வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்துரணும்னு விதி. யாரும் பிரிச்சுகூடப் பாக்க மாட்டாங்க.”

திரவியம் பிரித்துப் பார்த்தான். முப்பத்தேழு நாள் பதிவில் எந்திர உறுமலைக் கழித்தால் ஒரே ஒரு வரி மிஞ்சியது. முப்பத்தாறாம் நாள், மாலை. பதினோரு விநாடி. வகை: இரைச்சல். ஆபத்து இல்லை. ஒதுக்கப்பட்டது.

ஒலிப்பாலத்தைப் பிரித்து, நான்கு தடங்களையும் நான்கு பெருக்கிகளோடு பூட்டினான். ஒலிவாங்கியைச் சொருகிச் சோதித்தான். தாழும் கூரும் சேருமிடத்தில் ஒரு மேடு பள்ளமில்லை. அடி இரைச்சல் பூச்சியம். மன்றத்தில் யாருக்கும் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை. பதினோரு விநாடியை ஓட விட்டான். கூம்புகள் அதிர்வது தெரிந்தது, விரல் வைத்தால் துடிப்பும் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. அவன் சில்லு தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

பழைய நிரல்களில் ஒலியை எழுத்தாக்கும் ஒன்று இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதை ஏவினான். திரையில் மெதுவாக எழுத்து விழுந்தது.

“திரவியம்... ஏல... தப்பா நெனைக்காதல. வாயத் தெற. ஒரு வார்த்த பேசுல.”

அவன் அந்தக் கெட்ட வார்த்தையையே வெறித்துப் பார்த்தான். ஒன்றரை வயதில் சில்லு வைக்கும்வரை அவன் வீறிட்டு அழுதிருப்பான். அப்பா கடைசியாகக் கேட்ட அவன் குரல் அதுதான். நாற்பது வருடமாக அவருக்கு வந்துகொண்டிருந்தது இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். போய் உட்கார்ந்தபோதெல்லாம் அவர் இடக்காதுக்கும் தன் தொண்டைக்கும் நடுவே ஒரு முழத் தூரம்கூட இருந்ததில்லை என்பது அவனுக்கு உறைத்தது. அப்பாவே அந்த வெட்கத்தைத் தாண்ட முப்பத்தாறு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்து கதவைத் தாழிட்டான். முகத்திரையைக் கழற்றினான். மேசையில் ஒலிவாங்கி நிமிர்ந்து நின்றது. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாகத் தொண்டையிலிருந்து காற்றைத் தள்ளி, உதட்டைச் சேர்த்துப் பிரித்து, “அப்பா” என்று சொல்லிப் பார்த்தான். அவனுக்கே கேட்கவில்லை. திரையில் ஒரு சின்ன அலை எழும்பி அடங்கியது. நிரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இரைச்சல்” என்று எழுதியது.

எவ்வளவு நேரம் அழுதான் என்று அவனுக்கே தெரியாது. கோமதி வெளியிலிருந்து கூப்பிட்டபோது முகத்திரையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

ஒரு வாரம் கழித்துப் பழம்பொறி மன்றத்திலிருந்து படிவம் வந்தது. கருவி வாங்கியவர்கள் கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். பாக்கியநாதன் உட்பட இருநூறு பேர் முடிவெடுக்க முடியாமல் அவன் கருத்துக்காகக் காத்திருக்கிறார்களாம். அவர்களில் ஒரு பெண், தன் அம்மாவுக்குச் சில்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றும், எது நல்லது என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் கீழே கேட்டிருந்தாள்.

அவளுக்கு அவன் தனியாக நாலு சொல் எழுதினான்: “அம்மாகிட்ட வாயத் திறந்து பேசுங்க.” எழுதி முடித்து அனுப்பியதுமே மன்றம் அதை ஆபாசம் என்று சொல்லி அழித்துவிட்டது. இன்னொரு முறை இப்படி எழுதினால் நீக்கிவிடுவோம் என்று எச்சரிக்கையும் வந்தது.

திரவியம் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினான். தடங்கள், எட்டு. பயன்பட்டவை, நான்கு. அடி இரைச்சல், இல்லை. கடைசிக் கட்டத்தில் ‘தாமதம்’ என்றிருந்தது. அதில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதப் பார்த்தான். எண்ணைத் தவிர வேறெதையும் அந்தக் கட்டம் வாங்கிக்கொள்ளாது. கடைசியில், “இரண்டு மில்லி விநாடி” என்று எழுதி அனுப்பினான்.

மறுநாள் காலைக்குள் அந்தக் குறிப்பை நூற்று எழுபது பேர் தங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொண்டார்கள்.