வடித்த நினைவு

கயல்விழிக்கு அந்தப் பனிமுகட்டை நன்றாகத் தெரியும். ஊரில் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவரும் பல் டாக்டரும் அதே முகட்டில் அதே துப்பாக்கியோடு விடிய விடிய நின்று, அதே கொடியை ஏற்றியிருந்தார்கள். டீக்கடையில் அதைப் பேசும்போது எல்லோர் கண்ணும் ஒன்றாகக் கலங்கும். உண்மையில் அங்கே நின்றது அவளுடைய அப்பா துரைக்கண்ணு.

போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போய், படைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் வந்ததுதான் நினைவேற்றி. ஓய்வு பெறும் வீரரின் தலையிலிருந்து ஒரு நாளின் நினைவைப் படியெடுப்பார்கள். அச்சவடி என்ற கருவியில் சலித்து, பயத்தையும் பயம் ஒட்டிய எதையும் நீக்குவார்கள். மிச்சத்தைப் பதினெட்டு வயதான குடிமக்களின் தலையில் ஏற்றுவார்கள். இந்த ஊருக்கு ஏற்றியது துரைக்கண்ணுவின் நினைவு. அதற்குப் பிறகு நாட்டுப்பற்றுக்குப் பஞ்சமே இல்லை. படைமுகாம் வாசலில் எந்நேரமும் வரிசை.

அந்த வரிசையில் நிற்கக் கயலுக்கும் ஆசை. பெற்றவரின் கைரேகை வேண்டும். வைத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. துரைக்கண்ணு ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

காரணம் மாசிலாமணி. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட கதைதான். முகட்டில் அப்பாவோடு இருந்த சிநேகிதர். குண்டு பட்டுக் கால் சிதறி அலறினார். கீழே எதிரிக்குக் கேட்டுவிடுமென்று அப்பா அவர் வாயைப் பொத்தினார். மாசிலாமணி உள்ளங்கையைக் கடித்தார். விடிந்து கையை எடுத்தபோது அவர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

"நானும் அங்க இருந்தேன்ப்பா. உங்க பக்கத்துல யாருமே இல்ல," என்றாள் கயல்.

ஊரே அங்கே இருந்ததே, யார் மறுப்பது? பெரியவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று டீக்கடையில் சிரித்தார்கள். துரைக்கண்ணு கோபப்படவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. நீங்களும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், அதன் பிறகும் மாசிலாமணி இருந்தார் என்று சொன்னால் நான் போகவில்லை என்றாள்.

அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். "என் நெனப்ப என்கிட்டயே காட்டி என்னை ஏமாத்திட முடியுமா?"

நினைவுக்கூடத்திலிருந்து வெளியே வந்தவரின் முதுகு நிமிர்ந்திருந்தது. அவள் அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. யாரும் கேட்கும் முன்பே பக்கத்துப் படைமுகாம் வாசலின் ரேகைக் கருவியைத் தேடிப் போய், அவளைச் சேர்க்கச் சம்மதமாகக் கட்டைவிரலை அழுத்தினார். நினைவு கொடுத்தவரே வந்து ஏற்றிக்கொள்வது இதுதான் முதல் தடவை என்று நினைவேற்றியை இயக்கிய இளைஞன் பின்னாலேயே வந்து மகிழ்ந்துபோனான். ஒரே நாளின் இரண்டு நினைவுகள் ஒரு தலையில் தங்காது, புதியது பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என்று போகிற போக்கில் சொன்னான்.

"அப்பா, மாசிலாமணி?"

"யாரும்மா அது? உன்கூடப் படிச்சவனா?"

கயல் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். மேலும் கீழுமாக இரண்டு வளைவாய்ப் பல் தழும்பு. குழந்தைப் பருவத்தில் ஒவ்வொரு குழியிலும் விரல் வைத்து விளையாடியிருக்கிறாள்.

"இது எப்படி வந்துச்சுப்பா?"

அவர் தழும்பைத் தடவிப் பார்த்தார். "நாய் ஏதாவது கடிச்சிருக்கும்."

நாயின் பல் அப்படி இருக்காது. மாசிலாமணி அலறியதைக் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை இவளே கைபிடித்து அழைத்துவந்து அழித்துவிட்டாள். இனி இவள் சொன்னால் எவன் நம்புவான்?

"எனக்குப் பயமா இருக்குப்பா. நான் போகல," என்று கத்தி அழுதாள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வலது கையால் அவள் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதம்மா. அங்க பயப்பட என்ன இருக்கு? நான் இருந்தேனே."

அவள் அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.