சொல்லிக்கொண்டு வந்த வீடு

காலையில் கோவில்பத்திலிருந்து பைக்கில் கிளம்பி, குரும்பகரம் பாலத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு, வயலும் வாய்க்காலுமாகக் கொஞ்ச தூரம் நடப்போம். பிறகு காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய் இட்லி. அந்த மார்கழி விடுமுறைக்கு எங்கள் திட்டம் அவ்வளவுதான். ஓசூரில் என் கம்பெனியை வருடக் கடைசியில் சில நாள் மூடிவிடுவார்கள். நான் தூங்கித் தீர்க்கலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். ஆனால் என் மனைவி சுகிர்தாவுக்கு ஏழாம் மாதம். அவளை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். என்னையும் நடக்கச் சொன்னது டாக்டர் அல்ல, சுகிர்தா.

முதல் பிள்ளை தங்கவில்லை. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை இது. அதனால் வாயை மூடிக்கொண்டு ஸ்வெட்டரை மாட்டினேன்.

அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதிர் வாங்கிய சம்பா நெல் எங்கள் காலடி வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் வெள்ளை. ஈர வைக்கோல் நாற்றம். எங்கோ ஒரு கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்தைப் பனியில் தவறவிட்டு, வேறு ஒரு தெருவுக்குள் வந்துவிட்டோம். திரும்பிவிடலாம் என்றேன். சுகிர்தாவுக்குத் தாகம்.

தெருக்கோடியில் ஒரு வீடு மட்டும் கதவு திறந்திருந்தது. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். "கல்யாண வீடு போல. சாப்பிட்டுட்டே போயிடலாமா?" என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. மார்கழி மாதத்தில் வாசலில் ஒரு புள்ளிக் கோலம்கூட இல்லையே என்று முணுமுணுத்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். ஈரத்தலை. எங்களைப் பார்த்து அவள் 'வாங்க' என்று சொல்லவில்லை. சும்மா நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா," என்றாள் சுகிர்தா.

செம்பில் கொண்டுவந்து நீட்டினாள். கை மட்டும் வாசலுக்கு வெளியே வந்தது. சாம்பிராணி வாசனையும், அதற்கு அடியில் ஏதோ புளித்த பால் வாடையும் வந்தன. சுகிர்தா தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அவள் கண் அந்த வயிற்றை விட்டு நகரவே இல்லை.

"நல்லா அசையுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ராவெல்லாம் தூங்க விடுறதில்லக்கா."

நான் சுகிர்தாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் செம்பைக் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேங்க்கா," என்றாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாம் எல்லோரும் சொல்வதுதான்.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"யாருமே சொல்லிக்கலங்க. எவ்வளவு பேரு வந்தாங்க. ஒருத்தர்கூடச் சொல்லிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்கதான் வரேன்னு சொன்னீங்க. எப்ப வருவீங்க?"

சுகிர்தாவுக்குப் பாவமாகிவிட்டது. "புள்ள பொறக்கட்டும்க்கா. தூக்கிட்டு வரேன்."

தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். பனியில் பந்தல் மட்டும்தான் தெரிந்தது.

கடைத்தெருவில், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெரிய ஜன்னல் வைத்த மாடிவீட்டு நிழலில் சௌந்தரவல்லி அக்கா கீரை விற்பாள். அவளுக்குக் குரும்பகரம்தான் ஊர். சுகிர்தா ஓட்டலில் உட்கார்ந்திருந்தாள். நான் கீரை வாங்கப் போனவன், பேச்சுவாக்கில் அந்த வீட்டைச் சொன்னேன்.

கட்டிக்கொண்டிருந்த கீரையை அவள் கீழே வைத்தாள்.

"அது சந்திரலேகா வீடுல்ல. பிரசவத்துல போயிட்டா, தம்பி. புள்ளயும் தங்கல. காரியம் முடிஞ்சதும் அவ புருசன் பூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு. பந்தலைக்கூடப் பிரிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கெளம்பறப்ப சொல்லிக்கிட்டா வந்தீங்க?"

சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடமாட்டார்கள். கிளம்பும்போது நாமும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியாதா, சுகிர்தாவுக்குத் தெரியாதா? அது சாவு வீடு என்பதுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்தும் அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. மாசமாக இருப்பவளைப் பயமுறுத்துவானேன் என்று நினைத்தேன். உண்மையில் பயந்துபோயிருந்தது நான்தான். அப்பாவும் அம்மாவும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு சுகிர்தா படுத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் பேச ஆரம்பித்தாள்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குக்கா."

கொஞ்ச நேரம் யார் பேச்சையோ கேட்பவள்போல இருந்தாள்.

"ஆமா, தூக்கிட்டு வரேன்னுதான் சொன்னேன்."

மறுபடி கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"இப்பவேவா?"

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. என் பிள்ளையைக் கேட்கிறாள் அவள். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. சுகிர்தா எழுந்ததும், பால் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பொழுது சாய்வதற்குள் குரும்பகரம் போய்விட்டேன். பனி அதற்குள்ளாகவே இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த வீட்டுக் கதவில் பெரிய பூட்டு. அதன் மேல் ஒட்டடை. காலையில் திறந்திருந்த கதவு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

பந்தலுக்கடியில் நின்றேன். வெட்கமாக இருந்தது.

"அக்கா, என் பொண்டாட்டி தெரியாம சொல்லிட்டா. மன்னிச்சுக்கங்க. நாங்க வரமாட்டோம். புள்ளயத் தூக்கிக்கிட்டும் வரமாட்டோம்."

புளித்த பால் வாடை வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

"அதுக்கென்னங்க," என்றது குரல். காலையில் கேட்ட அதே மரியாதையான குரல். "புள்ளத்தாச்சிய எதுக்கு அலைய விடணும். நானே வரேன்."

எப்படி வண்டியை எடுத்தேன் என்று தெரியாது. வழியில் நிறுத்தி நிறுத்தி போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, சுகிர்தா எடுக்கவில்லை. யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாரியம்மா, பெருமாளே, யாராக இருந்தாலும் சரி, என் பிள்ளையைக் காப்பாற்று என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

கூடத்து விளக்கு எரிந்தது. சுகிர்தா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் எதிரே இருந்த டம்ளரைப் பார்த்தேன். காபி ஆடை கட்டியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"இவ்வளவு நேரமா பால் வாங்கினீங்க?" என்றாள். "காலையில பாத்தோமே, அந்த அக்கா வந்தாங்க."

"கதவைத் தொறந்தியா?"

"வாசல்லயே நின்னாங்க. கூப்பிடாம எப்படிங்க வருவாங்க? வாங்கக்கா, உள்ள வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்."

அறை அறையாக ஓடினேன். சமையல்கட்டு, கொல்லை, மாடி. ஒருவரும் இல்லை. அவள் முன்னால் வந்து மண்டியிட்டேன்.

"சுகி, அவங்க எப்ப போனாங்க?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"போகலையே. சொல்லிக்காமப் போவாங்களா?"

பிறகு குனிந்து, வயிற்றை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"உள்ளதான் இருக்காங்க."