பிரம்மசக்தியின் எதிர்பார்ப்பு எண்

முதல் நாள் வகுப்பில் பாடம் நடத்தக் கூடாது, முகம்தான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். சண்முகவடிவு நெற்றிப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அறிமுக இயற்கணித வகுப்பின் விதிகளை வாசிக்கத் தொடங்கினாள். எதிரே அறுபது பிள்ளைகள், அவர்கள் நெற்றியிலும் ஆளுக்கொரு பட்டை. அது வருகைப்பதிவுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கணக்கு வாராவாரம் வர வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் வாங்குவதற்கில்லை. விட்ட தேர்வுக்கு மறுதேர்வு கிடையாது, அக்காள் கல்யாணமானாலும் சரி, அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்தானாலும் சரி. விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். வந்த வழியைக் காட்ட வேண்டும், வந்த விடையைச் சமன்பாட்டுக்குள் திரும்பப் போட்டுச் சரிதானா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் வருஷா வருஷம் வாசித்து வாசித்து அவளுக்கு வாய் பழகியிருந்தது. பிள்ளைகளும் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் கேட்டார்கள். கடைசி விதிக்கு மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒருவர்மேல் பதிவான எதிர்பார்ப்பு எண்ணை அவர் முப்பது புள்ளிக்கு மேல் மிஞ்சினால், அது அவருடைய சொந்தச் செயலாகக் கருதப்படாது. இந்த விதி வகுப்பறையில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்."

இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் செவித்துணை. எள்ளளவு கருவி, காதுக்குள் போட்டுக்கொண்டால் கேள்வியைப் பார்த்ததும் விடையை ஓதும். எந்தச் சோதனையிலும் சிக்காது. இரண்டு வருஷம் குதிரைக்கும் நூறு, கழுதைக்கும் நூறு என்று மதிப்பெண் கொட்டியது. தேர்வுக்கே மரியாதை இல்லாமல் போய்விட்டது. அப்போதுதான் எதிர்நோக்குமானி வந்தது. ஒரு பிள்ளையைப் பார்த்ததும் அனுபவப்பட்ட ஆசிரியர் மனதில் 'இது தேறும், இது தேறாது' என்று ஓர் எண்ணம் ஓடுமே, அதை நெற்றிப்பட்டை பிடித்து நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாக்கிவிடும். பழைய காலத்து மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அச்சாகப் பொருந்தியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கல்விக்குழுவே அறிக்கையில் எழுதியது. மனதைத் திருட முடியாது அல்லவா, அதனால் மானி சொன்னால் மறுபேச்சு இல்லை என்றாகிவிட்டது.

ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னார்கள். பட்டை ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"பிரம்மசக்தி, மேடம். விளாத்திகுளம் பக்கம். பிளஸ் டூல வரலாறு குரூப்." அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் நின்றாள். "ஒரு சந்தேகம் கேக்கலாமா மேடம்? இந்த எக்ஸ்னு போடுதோம்லா, அது எழுத்தா, நம்பரா? நம்பர்னா எந்த நம்பர்னு தெரியாமலே எப்படிக் கூட்டிக் கழிக்கது?"

வகுப்பு சிரித்தது. நல்ல கேள்விதான். கணக்கு வாத்தியார்களில் பாதிப் பேருக்கு அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வராது. ஆனால் சண்முகவடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு அல்ல, உதட்டோடு. அந்த நொடியில் அவள் மனதுக்குள் 'தேறாத கேஸ்' என்று ஒரு வார்த்தை ஓடியது. மேசைமேல் இருந்த அவளுடைய பதிவுப்பலகைத் திரையில் எண் விழுந்தது, இருபத்திரண்டு.

"அதெல்லாம் போகப் போகப் புரியும். உக்காரு" என்றாள்.

ஆசிரியர் அறையில் புள்ளியியல் நடத்தும் ஹாஜரா வழக்கம்போலக் கிண்டலோடு வரவேற்றாள். "ஜோசியக்காரம்மா வந்தாச்சு. எனக்கும் முகத்தப் பாத்துச் சொல்லுங்க வடிவு, இந்த வருஷமாவது இன்கிரிமென்ட் உண்டான்னு."

கிண்டலுக்குக் காரணம் இருந்தது. கணித்த எண்ணை ஒட்டி எத்தனை பேர் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பதை வைத்து ஆசிரியர்களுக்குத் துல்லியப் பட்டம் உண்டு. சண்முகவடிவு பல வருஷமாகக் கல்லூரியிலேயே முதலிடம். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில்கூடச் சொல்லிக்கொள்வாள்.

அந்தத் துல்லியம் எப்படி வருகிறது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எண்பது, தொண்ணூறு என்று பதிவான பிள்ளைகளைத்தான் கரும்பலகைக்கு அழைப்பார்கள். அவர்கள் தப்புப் போட்டால் கூட நின்று திருத்துவார்கள். இருபது, முப்பது என்று பதிவானவர்களை எழுப்பிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது. தண்ணீர் ஊற்றிய செடி வளர்ந்தது, ஊற்றாத செடி வாடியது. பார்த்தீர்களா, முன்பே தெரிந்தது என்று எல்லோரும் மானியை மெச்சிக்கொண்டார்கள்.

பிரம்மசக்தி ஒரே ஒரு தடவை சந்தேக நேரத்தில் வந்து கதவோரம் நின்றாள். "மேடம், இருபடிச் சமன்பாட்டுக்கு ஏன் ரெண்டு விடை வருது? எது நெசம்?"

சண்முகவடிவு அன்பாகத்தான் சொன்னாள். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? ரெண்டு மார்க் கேள்வியெல்லாம் மனப்பாடம் பண்ணிரு. எப்படியாவது கரையேத்திவிடுதேன்."

"சரி மேடம்" என்று போனவள் பிறகு வரவே இல்லை. ஒரு ஏழைப் பிள்ளைக்கு நல்ல வழி சொன்னோம் என்று சண்முகவடிவுக்கு அன்று மனது நிறைந்திருந்தது. பின்னால் அந்த நிறைவை நினைத்தபோதுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பருவத்தேர்வு முடிவில் பிரம்மசக்தி வாங்கியது தொண்ணூற்றொன்று.

மானி சிவந்தது. 'அயல் அறிவு, ஐயம்' என்று அறிவிப்பு வந்தது. விசாரணையில் உறுதியானால் தேர்வு மதிப்பெண் அழிந்து, எதிர்பார்ப்பு எண்ணே மதிப்பெண் ஆகும். இருபத்திரண்டு என்றால் தோல்வி. தோற்றால் அவளுக்குக் கிடைத்திருந்த நீர்வளப் படிப்பு இடம் போய்விடும்.

சண்முகவடிவின் முதல் நினைப்பு என்ன தெரியுமா? எவனிடம் செவித்துணை வாங்கினாளோ என்பதுதான். அந்த நினைப்போடுதான் விடைத்தாளை எடுத்தாள். ஒவ்வொரு கணக்கின் கீழும் அந்தப் பெண் விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்திருந்தாள். அறுபது பேரில் வேறு யாரும் எல்லாக் கணக்குக்கும் அதைச் செய்யவில்லை, சண்முகவடிவும் அதை யாரிடமும் வற்புறுத்தியதில்லை. ஏழாவது கணக்கில் விடை தப்பாக வந்திருந்தது. சரிபார்த்த இடத்தில் இடிக்கவே, முழுவதையும் அடித்துவிட்டு, அடையாளக்குறி மாறிய வரியைக் கண்டுபிடித்து மறுபடி போட்டிருந்தாள். செவித்துணை தப்புப் போட்டு அடிக்காது. அது மனுஷி போட்ட கணக்கு.

மானி விடைத்தாளைப் பார்ப்பதில்லை. அது இரண்டு எண்களை மட்டும்தான் பார்க்கும்.

அவள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "யார்கிட்டம்மா படிச்ச?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். நீங்க என்னைய எழுப்பிக் கேக்கவே இல்லைலா. அதனால நானே போட்டு, சரியா தப்பான்னு நானே பாத்துக்கிட்டேன். விடையத் திரும்ப உள்ள போட்டா அதுவே காட்டிக்குடுத்துரும்னு நீங்கதான வாசிச்சீங்க." குரலில் குத்தலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "மேடம், நான் எதையும் காதுல வைக்கல. ஆபீஸ்ல கேட்டா, மானி தப்பாச் சொல்லாதுன்னு சொல்லுதாங்க. நான் என்ன பண்ணணும் மேடம்?"

சண்முகவடிவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. அறுபது பேரில் இவள் ஒருத்திதான் விதிகளைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறாள், இவளைப் பார்த்துத்தானே சிரித்தோம் என்று அவமானமாக இருந்தது.

பெண்ணைக் காப்பாற்ற ஒரே வழி இருந்தது. எண்ணைப் பதிந்த ஆசிரியரே விசாரணையில் வந்து, 'என் எதிர்பார்ப்பு தவறு' என்று சாட்சி சொன்னால் அந்த எண் ரத்தாகும், தேர்வு மதிப்பெண் நிற்கும். எந்த ஆசிரியரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் கணிப்புரிமை போகும், அது இல்லாதவர் வகுப்பில் கால்வைக்க முடியாது.

"பித்தா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றாள் ஹாஜரா. "ஒரு பிள்ளைக்காக இத்தன வருஷத்து வேலையத் தூக்கிப் போடுவாங்களா? அவ அடுத்த வருஷம் எழுதிக்கிடுவா, வடிவு."

"அவ தப்புப் பண்ணல, ஹாஜரா. நான் பண்ணினேன்."

"நீங்க என்ன பண்ணினீங்க? மனசுல ஒண்ணு தோணுச்சு. தோணுறதுக்கெல்லாம் ஆளு பொறுப்பா?"

அந்தக் கேள்வி சண்முகவடிவுக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஓட்டினாள். விசாரணையன்று காலையில் சேலை கட்டும்போதுகூட, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். கடைசியில் எதுவும் யோசிக்காமல் பேருந்து ஏறிவிட்டாள்.

முதல்வர் தேவசகாயம் நல்ல மனிதர். யாருக்கும் கெட்டது நினைக்கமாட்டார், நல்லது செய்யவும் மானியைக் கேட்டுத்தான் செய்வார். அவர் மேசைமேல் எதிர்நோக்குமானியின் பேச்சுப்பெட்டி இருந்தது. ஓரத்து நாற்காலியில் பிரம்மசக்தி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சண்முகவடிவு எழுந்து நின்று சொன்னாள். "சார், நான் போட்ட இருபத்திரண்டு கணிப்பே இல்ல. இந்தப் பிள்ள ஒரு கேள்வி கேட்டா, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஊரையும் குரூப்பையும் கேட்டு மட்டமா நெனச்சேன். அந்த நெனப்பத்தான் பட்டை நம்பரா எடுத்திருக்கு. அதுக்கப்புறம் அவளுக்கு நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல. அந்தத் தொண்ணூத்தொண்ணு அவ சொந்தமா வாங்கினது. உரிமையை எடுத்துக்கோங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. பிரம்மசக்தி நிமிர்ந்து அவளையே பார்த்தாள். முதல்வருக்கும் கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

பெட்டி பேசியது. "சாட்சி பதிவானது. சாட்சியின் சொந்தத்தன்மை சோதிக்கப்படுகிறது."

"அது என்ன சோதனை?" என்றாள் சண்முகவடிவு.

"முதல் வகுப்பில் மாணவர் பட்டைகள் ஆசிரியர்மேல் கொண்ட எதிர்பார்ப்பையும் பதிந்தன. தன் நலனை விட்டு ஒரு மாணவருக்காக இவர் பேசுவார் என்ற எதிர்பார்ப்பு, வகுப்பின் சராசரி, பத்தொன்பது. இன்றைய சாட்சி அதை முப்பது புள்ளிக்கு மேல் மிஞ்சுகிறது. ஆகவே இது ஆசிரியரின் சொந்தச் செயலாகக் கருதப்படாது. வெளி நெருக்கடி இருக்கலாம். சாட்சி தள்ளப்படுகிறது. ஆசிரியரின் கணிப்புரிமை தொடரும்."

சண்முகவடிவு பெட்டியை விட்டுவிட்டு முதல்வர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார் பேசினேன்" என்றாள். "உங்க கண்ணு முன்னாலதான பேசினேன்."

"எனக்குத் தெரியுது மேடம்." முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். "ஆனா விதி எல்லாருக்கும் பொருந்தும்னு நீங்களே வாசிச்சிருக்கீங்களே. நான் என்ன பண்ணட்டும்?" பிறகு திரையைப் பார்த்துத் தயங்கினார். "வகுப்புலயே ரொம்பக் கம்மியான நம்பர் இந்தப் பிள்ளதான் போட்டிருக்கு. மூணு."

பிரம்மசக்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "மன்னிச்சிருங்க மேடம். அன்னிக்கு நீங்களும் சிரிச்சீங்களா, அதான் மனசுல அப்படித் தோணிருச்சு. நீங்க இப்படி வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் சரியா நெனச்சிருந்தா இப்ப உங்க பேச்சு எடுபட்டிருக்கும்லா?"

தப்புச் செய்தவள் நிற்க, அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். சண்முகவடிவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "நீ தப்பா நெனைக்கலம்மா" என்றாள். "அன்னிக்கு நீ பார்த்த ஆளு அப்படித்தான் இருந்தா."

பெட்டி மதிப்பெண்ணைத் திருத்தியது, இருபத்திரண்டு. கூடவே முதல்வரின் திரையில் இன்னொரு வரி எழுந்தது. அதை வாசிக்கலாமா வேண்டாமா என்று அவர் கொஞ்சம் விழித்தார். "மேடம், உங்க துல்லியம் இப்ப நூத்துக்கு நூறு. இந்தக் கல்லூரில இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

கைப்பையில் அவள் அலைபேசி அதிரத் தொடங்கியது. ஆசிரியர் அறையிலிருந்து வாழ்த்துச் செய்திகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மானி ஏன் பொய்த்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மிஞ்சி வளர்ந்தவர்களையெல்லாம் அது வெட்டிக் கீழே கொண்டுவந்துவிட்டு, பார், நான் சொன்ன உயரம்தான் என்று காட்டியிருக்கிறது. அத்தனை வருஷமும் அவள் வாங்கிய பட்டங்களில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்களோ, ஒரு முகம்கூட அவளுக்கு நினைவில் இல்லை.

வெளி வராந்தாவில் பிரம்மசக்தி அவளுக்காகக் காத்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"நீர்வளச் சீட்டு வேற ஆளுக்குப் போயிரும்னாங்க மேடம். ஜூன்ல இதே பாடத்தத் திரும்ப எடுக்கலாமாம். உங்க வகுப்புலதான் போட்டிருக்காங்க."

"வாம்மா" என்றாள் சண்முகவடிவு. "இந்தத் தடவ நீ என்ன வேணும்னாலும் கேளு. மொத நாளே கேளு. நான் பதில் சொல்லுதேன்."

பிரம்மசக்தி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதைக்கூட மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இல்ல மேடம். மொத நாள் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பட்டை நம்பர் எடுத்து முடிக்க வரைக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி உக்காந்திருப்பேன்."