பஞ்சுப் புகை

"தோக்கற பக்கம் நீ ஆடறியா, புள்ள?" என்று குப்புராஜ் மாமா ஒருநாள் கேட்டார். அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் அது. வழக்கமாக எதிரே உட்கார்ந்து ஆடும் மாமாவின் கூட்டாளி நவநீதன் அதற்குமேல் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. கவிப்பிரியா எதற்கும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளைக்காரக் கும்பினிப் படை இந்தச் சீமைக்குள் நுழைந்த காலத்து மலைக்கோட்டைச் சண்டை ஒன்றை மாமா சாப்பாட்டு மேசைமேல் கட்டி வைத்திருந்தார். தெர்மாகோல் குன்று, அட்டைக் கோட்டை, விரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் மாமாவின் ஆட்கள். கோட்டைக்காரர்கள் அவளுடைய ஆட்கள். பகடை உருட்டிச் சுட வேண்டும். சுட்ட வரிசைக்கு முன்னால், துப்பாக்கிப் புகைக்கு அடையாளமாக, ஒரு துண்டுப் பஞ்சைப் பிய்த்து வைக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தொடங்கும் முன்பே, அவளுடைய வரிசைக்கு முன்னால் ஒரு துண்டுப் பஞ்சு இருந்தது.

"சுடாமயே எதுக்குப் புகை வெச்ச?"

"நான் வெக்கலைங்க மாமா."

"அப்ப உங்கம்மா வந்து வெச்சிட்டுப் போனாளா?" என்று சிரித்தபடி அதை எடுத்துக் கீழே எறிந்தார்.

எறிந்த இடத்திலிருந்து மெல்ல ஒரு வாசனை எழும்பி வந்தது. சாலையில் போகும் லாரிகளின் டீசல் நெடியும் சமையலறையில் ஆறிக்கொண்டிருந்த குழம்பின் வாசமும் அதை மூடவில்லை. வேப்பெண்ணெய். அம்மா தலைக்கு வைப்பது.

அன்றைக்கு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இந்த மேசை ஓரமாகத்தான் வந்து நின்றாள். கோட்டைச் சுவர் இடியும் நேரம். "இந்த ரவுண்டு முடியட்டும்க்கா, வண்டிய எடுக்கறேன்" என்றார் மாமா, நிமிராமலே. ரவுண்டு முடிந்தபோது வண்டி தேவைப்படவில்லை. மூக்கில் வைக்கப் பஞ்சு கேட்டார்கள். ஆட்டத்துக்கு வைத்திருந்த சுருளிலிருந்தே மாமா கிழித்துக் கொடுத்தார். பிணத்துக்குக் கிழித்தது போக மிச்சத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மாமா அதைச் சுருட்டி ஆட்டப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அதைக் கவிப்பிரியா மட்டும் பார்த்தாள்.

அவள் பகடையை உருட்டினாள். ஆறு. சிவப்புச் சட்டைக்காரர்கள் சிலர் விழுந்தார்கள். அவள் பிய்த்து வைத்த பஞ்சு லேசாகச் சூடாக இருந்தது, யாரோ அதில் மூச்சு விட்டதுபோல.

"பரவால்ல. கடைசில கோட்டை எனக்குத்தான். சரித்திரத்துல அப்படித்தான் இருக்குது."

விழுந்த சிப்பாய்களில் ஒருவன் உருண்டு தரைக்குப் போனான். எடுக்கக் குனிந்தவள் மேசைக்கடியில் மாமாவின் கால்களைப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளைத் துணி. இறுக்கமான முடிச்சு. மற்ற விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அவள் நிமிர்ந்தாள்.

"என்ன பேயறைஞ்ச மாதிரி பாக்கற? என் முறை." மாமா உருட்டினார். ஒன்று. "சை. நீ உருட்டு."

சொல்லிவிடலாம். சொன்னால் குனிந்து பார்ப்பார். அவிழ்த்துவிடுவார். ஆட்டம் நின்றுவிடும்.

அவள் உருட்டினாள். மறுபடியும் ஆறு.

பஞ்சைப் பிய்த்து வைத்தாள். கை எடுத்து முடிப்பதற்குள் அது மேசைமேல் இல்லை.

"ஜன்னலத் தொற புள்ள. மூக்கு அடைக்குது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவள் பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள். அவருடைய இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பஞ்சு. வெள்ளை வெளேரென்று. அளவாக அடைத்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

"உன் முறை."

பகடை அவள் உள்ளங்கையில் வியர்த்தது. வேப்பெண்ணெய் வாசம் அறை முழுக்க. இனி ஒன்றே பாக்கி. தாடைக்கட்டு. அம்மாவுக்குக் கட்டியது அவள்தான். உருட்டாமல் வைத்துவிடலாம். இன்னும் வைத்துவிடலாம்.

உருட்டினாள்.

என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை. துணி இறுகும் சத்தம் கேட்டது. மாமாவின் வாய் மூடிக்கொண்டது. தாடைக்குக் கீழிருந்து உச்சந்தலை வரை வெள்ளைக் கட்டு. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அசைந்தன. கை மேசைமேல் ஊர்ந்தது. சிவப்புச் சட்டைக்காரர்களைத் தள்ளிக்கொண்டு, அவளை நோக்கி.

அவள் எழுந்தாள்.

அவள் விட்ட நாற்காலி கிரீச்சிட்டது, யாரோ உட்கார்ந்ததுபோல. பகடை தானாக உருண்டது. மாமாவின் கண்கள் அவளை விட்டு நாற்காலிக்குப் போயின. அங்கேயே நின்றன. அகலமாக விரிந்தன.

கவிப்பிரியா செருப்பை மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.